பிள்ளைகள் சொல்லும் புத்தகங்களை ஆசிரியர் மே மாதத்தில் படிப்பது: எப்படித் திட்டமிடலாம்?

சாக்பீஸ்தூள் கேட்டது:

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி, தமிழ்ப் பாடம். ஏழாம் வகுப்பில் 24 பேர், எட்டில் 12 பேர். விடுமுறை வந்தால் பிள்ளைகள் கையில்தான் நாம் பட்டியல் கொடுப்போம். இந்த வருடம் தலைகீழாகச் செய்யலாம் என்று எண்ணம். ஆளுக்கு ஒரு புத்தகம் அவர்கள் எனக்குச் சொல்ல வேண்டும், மே முழுக்க நான் உட்கார்ந்து படிக்க வேண்டும், ஜூனில் பள்ளி திறந்ததும் சொன்ன பிள்ளையோடு அதைப் பற்றிப் பேச வேண்டும்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எப்போது, எப்படிக் கேட்டால் உண்மையான பெயர் வரும்? 36 புத்தகம் ஒரு மாதத்தில் படிக்கக் கூடியதுதானா? எங்கே தேடுவது? வாங்குவதற்கு 1,500 ரூபாய்க்கு மேல் கைவசம் இல்லை. காமிக்ஸ், பேய்க்கதை, வீட்டில் கிடக்கும் மாத நாவல் என்று எழுதினால் என்ன செய்வது?

---

வேப்பங்காற்று:

முழு ஆண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் முன்னாலேயே, பிள்ளைகள் புத்தகப் பெயரை எழுதிய சீட்டு கைக்கு வந்துவிட வேண்டும். தேர்வு முடிந்தபிறகு கேட்டால் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். அதேபோல, சொன்ன அன்றே சீட்டைக் கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள். பக்கத்து ஆள் எழுதுவதைப் பார்த்து ஒரே பெஞ்சில் ஐந்து பேர் ஒரே பெயரை எழுதுவார்கள். திங்களன்று அறிவிப்பு, வியாழனன்று சீட்டு. இடையில் இருக்கும் நாட்களில் வீட்டு அலமாரியையும் வகுப்பு நூலகப் பெட்டியையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள்.

கேட்கும் சொல்லில் கவனம் தேவை. "நல்ல புத்தகம் ஒன்று சொல்" என்றால் திருக்குறளும் தலைவர்களின் வாழ்க்கை வரலாறும்தான் வரும், அதில் முக்கால்வாசி அவர்கள் படிக்காதவை. "நீ படிச்சதுல, நான் கண்டிப்பா படிக்கணும்னு உனக்குத் தோணுறது எது?" என்று கேளுங்கள்.

சீட்டு ஏ4 தாளில் கால் பங்கு போதும். ஐந்தே கேள்வி: நினைவில் இருக்கிறபடி புத்தகத்தின் பெயர். அட்டையில் என்ன படம், என்ன நிறம். எங்கே கிடைத்தது (வகுப்பு, கிளை நூலகம், வீடு, நண்பர்). எந்த இடம் வந்ததும் யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றியது. எந்தப் பக்கத்தை அல்லது எந்தப் படத்தை நான் தாண்டிப் போய்விடக் கூடாது. ஆசிரியர் பெயர் கேட்காதீர்கள். அது பிள்ளைகளுக்கு நினைவில் நிற்காது. தெரியாத ஒன்றைக் கேட்டால் சீட்டு வெறுமையாக வரும், அல்லது கற்பனையான பெயர் வரும். நான்காவது கேள்விதான் வடிகட்டி. உண்மையில் படித்த பிள்ளை அங்கே நாய், கிணறு, பாட்டி என்று ஏதாவது ஒரு பொருளைக் குறிப்பிடும். படிக்காத பிள்ளை "எல்லா இடமும் நன்றாக இருந்தது" என்று எழுதும். அப்படி எழுதியவரைத் தனியே கூப்பிட்டு, "வேற ஒண்ணு சொல்லு, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல" என்றால் போதும். திட்ட வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

அடுத்தது கணக்கு. 36 சீட்டில் ஒரே பெயர் திரும்ப வந்ததைக் கழித்து 28 தலைப்பு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 14 படக்கதைகள் (16 முதல் 24 பக்கம்), 10 சிறு நூல்கள் (40 முதல் 64 பக்கம்), 100 பக்கத்துக்கு மேல் 4. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று எடுத்தால் படக்கதை நாளுக்கு மூன்று, ஆக 5 நாள். சிறு நூல் நாளுக்கு ஒன்று, 10 நாள். பெரியது ஒன்றுக்கு மூன்று நாள் வீதம் 12. மொத்தம் 27 நாள். மே மாதத்தில் நான்கு நாள் கல்யாணம், கோயில் திருவிழாவுக்கு மிச்சம். இறுக்கமான கணக்குதான், ஆனாலும் முடியும். பெரியவற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் அவை படிக்கப்படாமலே போகும். ஒரு பெரியது, நடுவே இரண்டு மூன்று படக்கதை, மறுபடி ஒரு பெரியது என்று மாற்றி மாற்றி எடுங்கள்.

படக்கதையைப் பத்து நிமிடத்தில் மூடி வைத்துவிடுவது பெரியவர்கள் செய்யும் பிழை. எழுத்தை மட்டும் ஓட்டுகிறோம், பிள்ளையோ படத்தைப் படித்திருக்கும். முதல் சுற்றில் கையால் எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் பாருங்கள். இரண்டாவது சுற்றில் வாய்விட்டுப் படியுங்கள். எழுத்தில் இல்லாத பூனை ஒன்று எல்லாப் பக்கத்திலும் ஒளிந்திருக்கும். சீட்டில் பிள்ளை சொன்னது அந்தப் பூனையைத்தான் என்று அப்போதுதான் பிடிபடும்.

சீட்டையே அடையாளத் தாளாகப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் அதை ஒரு நோட்டில் ஒட்டி, கீழே இரண்டே வரி: எனக்குப் பிடித்த பக்கம் எது, அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டியது என்ன. கதைச் சுருக்கம் எழுத ஆரம்பித்தால் மூன்றாவது புத்தகத்திலேயே அலுத்துவிடும்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? எட்டாம் வகுப்பு 12 பேரும் ஜூனில் உங்களிடம் இருக்க மாட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கி உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பதில் அஞ்சலட்டையில். ஒன்று 50 காசு, 12 பேருக்கு 6 ரூபாய். முகவரியை ஏப்ரலிலேயே அவரவர் கையாலேயே அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை முடித்த அன்றே நான்கு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். சேர்த்து எழுதலாம் என்று வைத்தால் எல்லா அட்டையிலும் ஒரே வாக்கியம்தான் இருக்கும்.

---

தட்டுஎண்894:

புத்தகம் தேடும் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சீட்டுகளைத் தலைப்பு வாரியாக அடுக்காதீர்கள், கிடைத்த இடம் வாரியாக அடுக்குங்கள். "வகுப்பு" என்று இருப்பவை முதல் கட்டு. பள்ளி பூட்டும் முன் தலைமை ஆசிரியரிடம் சொல்லி, நூலக வழங்கல் பதிவேட்டில் உங்கள் பெயரிலேயே ஒவ்வொன்றாக ஏற்றி எடுத்துக்கொண்டு போங்கள். "எப்படியும் நம்ம பள்ளிப் புத்தகம்தானே" என்று பதியாமல் எடுத்தால், ஜூனில் இருப்புச் சரிபார்க்கும்போது சிக்கல். தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களாக இருந்தால் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் எந்தப் படி என்று சீட்டின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் மெல்லிய புத்தகங்கள், இரண்டு மூன்று நாளில் மொத்தக் கட்டும் முடிந்துவிடும். பள்ளிக் கல்வித் துறையின் தேன்சிட்டு, ஊஞ்சல் சிறுவர் இதழ்களில் வந்த ஒரு கதையைப் பிள்ளை சொல்லியிருந்தால் அதையும் புத்தகமாகவே கணக்கில் எடுங்கள். எந்த மாத இதழ் என்பதைக் கேட்டு வைக்கவில்லை என்றால் கட்டு முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது கட்டு கிளை நூலகம். வார விடுமுறை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, அதைப் பார்த்துப் போங்கள். சிறுவர் நூல்களின் பெரிய தொல்லை, முதுகில் பெயர் இருக்காது. ஸ்டேப்லர் பின் அடித்த 24 பக்கப் புத்தகத்துக்கு முதுகே கிடையாது. இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே புகுந்துவிட்டால் கண்ணில் படாது. ஆகவே நூலகரிடம் தலைப்பைச் சொல்வதைவிட "மஞ்சள் அட்டை, யானை குடை பிடித்திருக்கும்" என்று சொன்னால் சீக்கிரம் கிடைக்கும். அட்டைப் படத்தைக் கேட்கச் சொன்னாரே வேப்பங்காற்று, அது இதற்காகத்தான். பிள்ளைகள் சொல்லும் தலைப்பு பாதி நேரம் தலைப்பே இல்லை, கதையில் வரும் ஆளின் பெயர். கீழ்த்தட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள். குட்டிகள் எடுத்துவிட்டுத் திருப்பி வைக்கும் இடம் அதுதான். இரவல் தவணை உள்ள நூல்களை முதல் இரண்டு வாரத்தில் படித்துத் திருப்பிவிடுங்கள், சொந்தப் புத்தகங்கள் காத்திருக்கும்.

மூன்றாவது கட்டு இணையம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம், இலவசம். அங்கே நிலை 1 என்றால் 250 சொல்லுக்குள், நிலை 2 என்றால் 600 வரை, நிலை 3 என்றால் 1,500 வரை, அதற்கு மேல் நிலை 4. உங்கள் கணக்குக்கு இது உதவும்: நிலை 4 கதை ஒன்றை நிலை 1 கதையின் நேரத்தில் முடிக்க முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் அச்செடுத்து வகுப்பில் வைக்கலாம், கடைசிப் பக்கத்தில் இருக்கும் எழுத்தாளர், ஓவியர் விவரத்தை மட்டும் வெட்டிவிடக் கூடாது. பின் அடித்த புத்தகமாக மடிப்பதென்றால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் வெள்ளைப் பக்கம் மிஞ்சும். பழைய, அச்சில் இல்லாத சிறுவர் நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகத்தில் பாருங்கள்.

நான்காவது, "வீடு, நண்பர்" என்று வந்தவை. பிள்ளையின் சொந்தப் புத்தகத்தை இரவல் வாங்குவதைக் கடைசி வழியாக வையுங்கள். வாங்கினால் அட்டை போட்டு, முன்பே கிழிந்திருந்த பக்கங்களைப் பிள்ளையின் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் அந்தப் பிள்ளை மறுபடி படிக்க ஆசைப்படும் புத்தகம் அதுவாகத்தான் இருக்கும். அதைப் பறித்துக்கொண்டு போவது நியாயம் இல்லை.

1,500 ரூபாயை, இரண்டு மூன்று பேர் சொல்லி எங்கேயும் கிடைக்காத தலைப்புகளுக்கு முதலில் செலவிடுங்கள். நேஷனல் புக் டிரஸ்டும் பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரனும் விலை கட்டுப்படியாகும். ஒருவர் மட்டும் சொன்ன கனமான கெட்டி அட்டைப் புத்தகத்தில் பாதிப் பணத்தைப் போட்டுவிட்டால் மீதிப் பிள்ளைகளுக்கு வழி இல்லை.

---

கட்டம்கட்டமாக:

காமிக்ஸ் என்று எழுதினால் என்ன செய்வதா? படிப்பதுதான் டீச்சர்.

ஆனால் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். தமிழில் காமிக்ஸ் என்றால் சிவகாசி: 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் அங்கிருந்து தொடங்கின. தாத்தா படித்த இரும்புக்கை மாயாவியைப் பேரன் சொல்வதும் நடக்கும். அது 1962இல் பிரிட்டனில் வாலியன்ட் என்ற வார இதழில் தொடங்கிய தொடர். வாரத்துக்குச் சில பக்கம் என்று வந்ததால், அந்தச் சில பக்கத்துக்கு ஒருமுறை ஆபத்து, தப்பித்தல், மறுபடி ஆபத்து. ஒரே மூச்சில் படிக்கும் பெரியவருக்கு "என்னடா இது, திரும்பத் திரும்ப அதே" என்று சலிக்கும். இரண்டு மூன்று நாளாகப் பிரித்துப் படியுங்கள், விறுவிறுப்பு தானாக வரும். டெக்ஸ் வில்லர் வேறு ரகம். 1948இல் இத்தாலியில் தொடங்கிய கௌபாய் கதை, பொறுமையாக நகரும், வசனம் அதிகம். மாயாவியைச் சொன்ன பிள்ளையும் டெக்ஸைச் சொன்ன பிள்ளையும் ஒரே ரசனை என்று நினைத்துவிடாதீர்கள்.

தமிழாசிரியருக்கு இதில் தனி வேலை ஒன்று இருக்கிறது. வசனம் எழுதும் பலூனின் அளவு மாறாது. அயல்மொழியில் ஆறு சொல் இருந்த இடத்தில் தமிழை அடக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எதை விட்டார், எதைச் சுருக்கினார், எங்கே உள்ளூர்க் கிண்டலைப் போட்டார் என்று பாருங்கள். ஜூனில் பையனிடம் "இந்த பலூன்ல நீயா இருந்தா என்ன எழுதுவ?" என்று ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும். பாடப்புத்தகத்தில் வரும் சுருக்கி எழுதும் பயிற்சியைவிட நன்றாக நடக்கும்.

கிடைக்கும் இடம்: எல்லாக் கடையிலும் இருக்காது. சந்தாவில் தபாலில் வருவது, புத்தகக் கண்காட்சி ஸ்டால், இவைதான். பழைய இதழ்களுக்குச் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை. ஆகவே வீட்டில் பெரியவர்கள் பத்திரப்படுத்திய பிரதியைப் பையன் உற்சாகத்தில் தூக்கிக்கொண்டு வந்தால் வாங்கி வைக்காதீர்கள். பள்ளியிலேயே இடைவேளையில் இரண்டு நாளில் படித்துவிட்டு அன்றன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

---

ஈரத்துணி:

ஒரு சின்ன யோசனை. வகுப்புச் சுவரில் பெரிய சார்ட் ஒட்டி, நீங்கள் படித்த ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்குமே?

---

வேப்பங்காற்று:

வேண்டாம் என்பேன். 28இல் நான்கு கிடைக்காமல் போனால் அந்த நான்கு பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஜூன் முழுக்க வெற்றுக் கட்டம் நிற்கும். பெரும்பாலும் அது வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளையாகவோ, தலைப்பைச் சரியாக நினைவு வைக்க முடியாத பிள்ளையாகவோதான் இருக்கும். நட்சத்திரம் போட்டு மதிப்பிடுவது இன்னும் மோசம். அடுத்த வருடம் எல்லாரும் உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றுவதையே எழுதுவார்கள், திருக்குறள் திரும்பி வந்துவிடும்.

கிடைக்காத புத்தகத்துக்கு ஒரு வழி: "தேடிப் பார்த்தேன், கிடைக்கல. நீயே கதையச் சொல்லு" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஜூன் பேச்சுக்கு ஏழாம் வகுப்பு 24 பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், நாளுக்கு நான்கு பேர் என்றால் ஆறு வேலை நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம். வகுப்பு முன்னால் நிறுத்திக் கேட்டால் அது வாய்மொழித் தேர்வு ஆகிவிடும். "கதையின் நீதி என்ன?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். சீட்டில் பிள்ளை சொன்ன பக்கத்திலிருந்து தொடங்குங்கள், பிறகு உங்களுக்குப் பிடித்த பக்கம். பிடிக்காததையும் சொல்லலாம், சொல்ல வேண்டும்: "நடுவுல அந்தக் காட்டுப் பகுதி எனக்கு ரொம்ப இழுத்துச்சு. உனக்கு எப்படி இருந்துச்சு?" எல்லாப் புத்தகமும் அருமை என்று சொல்லும் டீச்சரை இரண்டாவது பிள்ளையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேய்க்கதைக்குப் பயப்பட வேண்டியதில்லை. பேய் எந்தப் பக்கத்தில் முதலில் வருகிறது, அதுவரை எதைக் காட்டி இழுத்தார் என்று பென்சிலால் எண்ணிக்கொண்டே படியுங்கள் (நூலகப் புத்தகத்தில் வேண்டாம், நோட்டில்). கதவு, நாய், மின்வெட்டு என்று ஒரு பட்டியல் கிடைக்கும். கட்டுரை எழுதவே மாட்டேன் என்னும் பிள்ளைகள் அந்தப் பட்டியலை வைத்து இரண்டு பக்கம் எழுதிவிடுவார்கள்.

மாத நாவல்தான் யோசிக்க வேண்டியது. பிள்ளை அதை எழுதியதே உங்களை நம்பித்தான். பெற்றோரிடம் போட்டுக்கொடுத்தால் அடுத்த சீட்டு எப்போதும் பொய்யாகவே வரும். படித்துப் பாருங்கள். வெறும் துப்பறியும் கதை என்றால் மற்றவற்றைப் போலவே பேசலாம். வயதுக்கு மீறிய பகுதிகள் இருந்தால், அதைத் தனியே, சுருக்கமாக: "இதுல சில இடம் உன் வயசுக்கு இல்லம்மா. ஆனா கொலையாளி யாருன்னு கண்டுபிடிக்கிற பகுதி உனக்குப் பிடிச்சிருக்குன்னு தெரியுது, இதப் படிச்சுப் பாரு" என்று சிறார் துப்பறியும் நூல் ஒன்றைக் கையில் கொடுங்கள். மாற்று கையில் இல்லாமல் "படிக்காதே" என்று மட்டும் சொன்னால் எந்தப் பலனும் இருக்காது.

இன்னும் ஒன்று. குழந்தைகள் மீதான பாலியல் தொல்லையைப் பேசும் சிறார் நாவல்கள் தமிழில் வந்திருக்கின்றன, பிள்ளைகளும் படிக்கிறார்கள். அப்படியொன்றைப் பரிந்துரைத்தது கதை பிடித்துப்போனதாலாகவே இருக்கலாம். சீட்டின் நான்காவது, ஐந்தாவது பதில் உங்களை உறுத்தினால் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். தோண்டித் துருவிக் கேட்கவும் வேண்டாம். தனியாகப் பேசும் இடம் கொடுத்து, சொல்வதைக் கேளுங்கள். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். இதற்காகவே சீட்டு வாங்கிய அன்று மாலையே எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

---

சாக்பீஸ்தூள்:

எல்லாருக்கும் நன்றி. அஞ்சலட்டை யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. வாய்மொழியாக ஒருமுறை கேட்டுப் பார்த்ததில் ஒன்பது பேர் "எதுவும் படிச்சதில்ல டீச்சர்" என்கிறார்கள். அதில் நான்கு பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமம். இவர்களை விட்டுவிடவும் மனம் வரவில்லை, வற்புறுத்தவும் தயக்கம்.

---

வேப்பங்காற்று:

அந்த ஐந்து பேருக்கும் நான்கு பேருக்கும் ஒரே மருந்து கிடையாது டீச்சர்.

படிக்கத் தெரிந்து படிக்காத ஐந்து பேருக்கு "புத்தகம்" என்ற சொல்தான் தடை. நாளிதழோடு வரும் சிறுவர் இணைப்பு, தேன்சிட்டில் ஒரு பக்கம், போன வருடத் துணைப்பாடத்தில் பிடித்த கதை, கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பற்றிய சின்ன நூல் எதுவும் செல்லும் என்று சொல்லுங்கள். அப்படியும் வரவில்லை என்றால், சீட்டு கொடுப்பதற்கு முந்தைய நாள் ஒரு பாடவேளை முழுக்க 20 படக்கதைகளைத் தரையில் அட்டை தெரிய விரித்துவையுங்கள். அடுக்கி வைத்தால் எடுக்க மாட்டார்கள். நாற்பது நிமிடத்தில் குறைந்தது இரண்டு படித்துவிடுவார்கள், மறுநாள் எழுத ஒரு பெயர் கிடைத்துவிடும்.

எழுத்துக் கூட்டும் நான்கு பேர் எழுத வேண்டாம், சொல்லட்டும், சீட்டை நீங்கள் நிரப்புங்கள். நுழை படியிலிருந்து ஒரு புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டியிருந்தால் அதையே பரிந்துரைக்கலாம். அல்லது பாட்டி சொன்ன கதை. அதை வாங்கினால் சரியாக வாங்குங்கள்: பிள்ளை சொல்லச் சொல்ல அதே பேச்சுநடையில் எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துநடைக்கு மாற்றாதீர்கள். மே மாதத்தில் அதை 8 பக்கமாகப் பிரித்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, 16 புள்ளி அளவில் தட்டச்சு செய்து, இரண்டு ஏ4 தாளை இருபுறமும் அச்சடித்து நடுவில் மடித்துப் பின் அடியுங்கள். மேல் பாதி படத்துக்காகக் காலியாக இருக்கட்டும். ஜூனில் அந்தப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் தானே சொன்ன வாக்கியங்கள் என்பதால் முக்கால்வாசி ஊகித்தே படித்துவிடும். படம் வரைந்து முடித்ததும் வழங்கல் பதிவேட்டில் எண் கொடுத்து நூலகப் பெட்டியில் சேர்த்துவிடலாம்.

---

தட்டுஎண்894:

ஒரு திருத்தம். வழங்கல் பதிவேட்டில் இல்லை, முதலில் வரவுப் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்த எண்தான் புத்தகத்தின் எண். ஆசிரியர் என்ற இடத்தில் பிள்ளையின் பெயரையும் பாட்டியின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டு தாள் மடித்த புத்தகத்துக்குக் கெட்டித் தாளில் அட்டை போடாவிட்டால் ஆகஸ்டுக்குள் நைந்துவிடும்.